ரேகை விழவில்லை

விடுப்பில் வந்து பத்தொன்பதாம் நாள்.
குடும்ப அட்டையில் பேர் உள்ள எல்லோரும்
நேரில் வந்து விரல் வைக்கணுமாம்,
இல்லையென்றால் பேரை எடுத்துவிடுவார்களாம்.
புதுவயல் ரேஷன் கடையில் வரிசை
அரிசி ஆலைச் சுவர்வரை நீண்டிருந்தது.

அழகுமீனா வைத்தாள், விழுந்தது.
பையன் பேனா மையோடு வைத்தான், அதுவும் விழுந்தது.
நான் வைத்தேன்.
எந்திரம் யோசித்தது.

"கையத் தொடைச்சிட்டு வைங்க" என்றார் திருநாவுக்கரசு.
துடைத்தேன்.
"அடுத்த விரலு."
அடுத்த விரல்.
"தலமுடியில தேச்சுட்டு வைங்கண்ணே,
எண்ணெப் பசைக்கு எடுக்கும்."
சொன்ன பெண் என் தலையைப் பார்த்துவிட்டு
அவளே சிரித்துவிட்டாள்.

பத்தும் பார்த்தாயிற்று.
பதினோரு வருடம் டைல் ஒட்டிய விரல்கள்.
சிமெண்டு தின்றது போக மிச்சம்
தேய்ந்த சோப்புத்துண்டு மாதிரி வழவழவென்று.
எங்கள் பக்கத்துத் தரைகளைப் படமெடுக்க
எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள்.
நான் ஒட்டியதை யாரும் எடுப்பதில்லை.
நாற்பத்திரண்டாம் மாடிக் குளியலறை,
குத்துக்காலிட்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து
கதவுவழியே நானே வெளியேறிவிடுவேன்.
பிறகு அங்கே செருப்போடு போனாலும் திட்டு.

"அந்த ஊரு எப்படிண்ணே?"
வரிசையில் முன்னால் நின்றவன்.
சூடு, என்றேன்.
"இங்க மட்டும் என்னவாம்?"
அதுவும் சரிதான்.
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊர் என்று சொல்லியிருக்கலாம்.
ஆடி மாதத்தில் நீலக் குழாயில் கொதிநீர் வரும்,
கொதிகலனை அணைத்துவிட்டால்
சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த நீர் என்று,
ஆறு பேர் அறையில் என் இடம் மேல் கட்டில்,
கூரைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் என்று,
கீழ்க்கட்டில் தில்பகதூர்
மனைவியோடு சண்டை போடும்போது
மற்ற ஐந்து பேரும் தூங்குவதுபோல் நடிப்போம் என்று.
வரிசை நகர்ந்துவிட்டது.

அங்கே என் விரலை
நான்கு வருடம் முன்பே கைகழுவிவிட்டார்கள்.
வாசல் கம்பத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம்.
காலை நாலே காலுக்குப் பேருந்திலிருந்து இறங்கி
தலைத்துண்டையும் முகத்துணியையும் விலக்கிக் காட்டினால்
பச்சை விளக்கு.
புழுதிக்காற்றில் இமையெல்லாம் மாவு படிந்து
என்னை எனக்கே அடையாளம் தெரியாத நாளிலும்
அது தடுமாறியதில்லை.
நாலு ஏழு ஒன்று ஒன்று பூஜ்யம்.
பேர் தெரியாது அதற்கு.

"ஒங்கள எனக்குத் தெரியாதா?" என்றார் திருநாவுக்கரசு.
"ஒங்க கல்யாணத்துல மூணு பந்தி பரிமாறுனவன் நான்.
மிசினுக்குத் தெரியணும்ல?"
கண்ணைப் பார்க்கிற எந்திரம்
காரைக்குடிக்கு வருகிறதாம் பத்தாம் தேதி.
மூன்றாம் தேதி எனக்கு விமானம்.
நோட்டில் என் பேருக்கு நேரே
பென்சிலால் ஒரு சுழி போட்டார்,
அழித்துவிடலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

வரும் வழியில்
அவித்த நெல்லின் வாடைக்குள் நடந்தபடி கேட்டேன்,
"இத்தன வருசமா என் பங்கு அரிசிய என்ன பண்ணுன?"
"கோழிக்குப் போட்டேன்."
கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள்,
"நல்லா முட்டை வச்சுச்சு."

மறுநாள் ஆறே முக்காலுக்கு விழித்தேன்.
அங்கே நாலே கால்.
முகம் கழுவி, துண்டால் மூடி,
மெல்ல விலக்கி,
குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன்
தாடையைக் கொஞ்சம் உயர்த்தி,
கண்ணைச் சிமிட்டாமல்.

வெளியே கதவைத் தட்டினாள்:
"தண்ணி வீணாப் போகுது, என்னதான் பண்றீங்க?"